பேர் வெட்டு

1982 நவம்பர் 9

காலையிலிருந்து மழை. பழவேற்காட்டில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே உம்மா ஆரம்பித்துவிட்டாள். "ஊரு முழுக்க மருந்து கொடுக்குறே மஸூதா, என் முட்டியப் பாக்க ஆளில்ல." பார்த்துத்தானே தைலம் கொடுத்தேன் என்றால், தைலம் மருந்தில்லையாம். ஊசி போட்டால்தான் மருந்தாம். நர்சைப் பெற்றவள் பேசுகிற பேச்சு.

மீனவர் குப்பத்துத் துணைச் சுகாதார நிலையத்தில் கூரை ஒழுகுகிறது. பதிவேடுகளை மேசைக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு நான் ஈரத்தில் உட்கார்ந்தேன். வந்தவர்கள்: கர்ப்பிணிகள் மூன்று, குழந்தைகள் ஏழு, வயதானவர்கள் பதினான்கு. அந்தப் பதினான்கு பேரை எழுத எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. கர்ப்பிணிக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இருப்பதிலேயே தடியான ஒன்று. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கோடுகூடக் கிடையாது. 'மற்றவை' என்று எழுதி எதிரே 14 போட்டேன்.

நவம்பர் 16

சடையனும் அவர் மனைவி பச்சையம்மாவும் வந்தார்கள். பச்சையம்மாவின் வாய் பிரசித்தம். ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். "இங்க சேறா கீது, இந்தா கட்டை ஒண்ணு கெடக்குது, நர்சம்மா படிய எம்மாம் ஒசரமா கட்டி வச்சிக்கீறாங்க பாரு." சடையன் அவளை ஒட்டியே பின்னால் வருவார். பாவம் மனுஷன், இந்த வாயோடு நாற்பது வருஷம் எப்படிக் குடித்தனம் நடத்தினாரோ என்று நான் நினைத்ததுண்டு.

அவருக்கு இருமல். மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் கை பொட்டலத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. பச்சையம்மா பேச்சை நிறுத்தாமலே அதை வாங்கி அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை.

நவம்பர் 17

மத்தியானம் அவர்கள் வீட்டுக்கே போனேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றி வெள்ளையாக நிற்கிறது. வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான். நாலு வருஷமாக இப்படியாம். நாலு வருஷமாக இவர் ஏரிக்குப் போய் வலை கட்டுகிறார்! கூடப் போகிற தங்கை மகன் வேணுவுக்கு மட்டும் தெரியும். தண்ணீரின் ஆழத்தைக் கழியால் பார்த்து, கயிற்றில் பச்சையம்மா போட்டுக்கொடுத்த முடிச்சை எண்ணி, எல்லாம் கைதான். கரையில் அவளுடைய பேச்சுதான் வழி. சேறு, கட்டை, படி — எனக்காகச் சொன்னதல்ல, அவருக்காகச் சொன்னது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டேன். "பேரு வெட்டிருவாங்க" என்றார்.

ஏரியில் மீன் வரும் இடங்களைப் பாடு என்கிறார்கள். எந்த நாள் யாருக்கு எந்தப் பாடு என்பதற்குத் தையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை சீட்டுப் போடுவார்கள். பேர் கூப்பிடும்போது ஆள் தன் காலில் வந்து நின்று "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வராதவன் பேர் வெட்டு. வந்தாலும் தொழிலுக்கு ஆகமாட்டான் என்று தெரிந்தால் வெட்டு. இந்தக் குப்பத்தில் வெட்டிய பேரைத் திரும்ப எழுதியதே இல்லையாம்.

"சோறு யாராச்சும் போடுவாங்க நர்சம்மா. அது இல்ல. கரையில நம்ம பேரைக் கூப்புடலன்னா நாம இன்னாத்துக்கு?"

பொன்னேரியில் தை மாதம் கண் முகாம் வருகிறது. புரையை எடுத்தால் பார்வை வரும் என்றேன். பச்சையம்மா அன்றைக்குத்தான் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

நவம்பர் 24

சடையன் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை, யாருக்கும் சொல்லக்கூடாது. முகாம் எட்டு நாள், சீட்டுக்கு நாலு நாள் முன்பே முடிந்துவிடும். திருத்தணிக்கு வேண்டுதல் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்களாம். வாக்குக் கொடுத்தேன்.

1983 ஜனவரி 5

முகாமுக்கு நம் பக்கத்திலிருந்து பன்னிரண்டு கண்கள் இலக்கு. டாக்டர் கண்கள் என்றுதான் சொன்னார், ஆட்கள் என்று சொல்லவில்லை. பிடித்துவிட்டேன், பன்னிரண்டு பேர். பட்டியலை மூன்று படி எழுதி ஒன்றைக் குப்பத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. முத்து முத்தாக எழுதி, சங்கக் கட்டடத்துச் சுவரில் பசை தடவி ஒட்டிவிட்டு வந்தேன்.

ஜனவரி 6

நான் ஒரு முட்டாள்.

ஜனவரி 7

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பட்டியலில் 'சடையன், வயது 66, இரு கண்களிலும் பார்வை இல்லை' என்று எழுதியிருக்கிறேன். என் கையால். வாக்குக் கொடுத்தது நினைவில்லையா? இருந்தது. வாயால் யாரிடமும் சொல்லவில்லையே. பட்டியல் என்பது ஆபீஸ் காகிதம், அது சொல்வதில் சேராது என்று என் மண்டைக்குள் எங்கோ இருந்திருக்கிறது. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் மூளை இப்படி ஆகிவிட்டது.

யாரோ சத்தமாகப் படித்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வேணு வந்து வாசலில் நின்று, "ஒனக்கு இன்னா கெடுதல் பண்ணாரு எங்க மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மற்ற பதினொரு பேரும் தங்கள் கண் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சுவரிலிருந்து பட்டியலைக் கிழித்தேன். பசை நல்ல பசை, பாதிதான் வந்தது.

ஜனவரி 10

ஊர்க் கூட்டம். நாட்டாண்மை கங்காதரனிடம் கேட்டுக்கொண்டு நானும் போனேன். தப்பு என்னுடையது, அவரைத் தண்டிக்காதீர்கள் என்றேன். "தப்புன்னு யாரும்மா சொன்னா? கண்ணு தெரியாதவனுக்குப் பாடு இல்ல, அவ்ளோதான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவரும் எழுபதை நெருங்குகிறவர்தான்.

கூட்டத்தில் ஊர்ப் பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. வேலிக்கு வெளியே நின்றிருந்த பச்சையம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "தளம் ஓட்டையாப் போயி படகைக் கரையேத்தி தார் பூசறீங்களே, அப்ப பாட்டை வெட்டுறீங்களா? அந்த முறைய நிறுத்தித்தான வக்கிறீங்க?"

"படகு வேற, மனுசன் வேற" என்றார் கங்காதரன்.

"ஆமா, வேறதான். படகுன்னா சரி பண்ணிக்கலாம், மனுசன்னா தூக்கிப் போட்டுர்லாம். நல்லா கீது நாயம்!"

யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் தங்களுக்குள் பேசினார்கள். முடிவு: தைச் சீட்டில் சடையன் பேரைக் கூப்பிட மாட்டார்கள், வெட்டவும் மாட்டார்கள். ஆடிச் சீட்டில் அவர் வந்து நிற்க வேண்டும், கண் தெரிய வேண்டும். இந்த ஒரு தடவைதான். அன்றைக்கு இல்லையென்றால் அப்புறம் இல்லை.

வெளியே வந்ததும் பச்சையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "அத்த வுடு. அந்தக் கண்ணை நல்லா பண்ணிக் குடு" என்றாள்.

ஜனவரி 19

பொன்னேரி. பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் பாய் போட்டு வரிசையாகக் கிடக்கிறார்கள். சடையனுக்கு வலது கண்ணில் முடிந்தது. ஒரு தடவைக்கு ஒரு கண்தான். குனியக்கூடாது, இருமக்கூடாது, புரளக்கூடாது. எங்கள் குப்பத்திலிருந்து வந்தது அவர் ஒருவர்தான். "பன்னிரண்டு சொன்னீர்களே" என்று டாக்டர் கேட்டார். ஒன்று கொண்டுவந்ததற்கே என்ன பாடு பட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

பச்சையம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறாள். சிரிக்க வைக்காதே, தையல் பிரிந்துவிடும் என்று அவளைத்தான் அதட்ட வேண்டியிருக்கிறது.

ஜனவரி 25

கட்டுப் பிரித்தாயிற்று. புண் சுத்தம். ஆனால் உருவங்கள் எல்லாம் பஞ்சு மாதிரிதான் தெரிகின்றன. தடித்த கண்ணாடி போட்டால்தான் பார்வை. கண்ணாடி ஆறு வாரத்தில் அனுப்புவார்களாம்.

மார்ச் 14

கண்ணாடி வரவில்லை.

ஏப்ரல் 6

வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் முகாம்காரர்களைக் கேள் என்கிறார்கள். முகாம்காரர்களுக்கு எழுதினால் நிலையத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில். புரையை எடுத்தவர்களுக்கு இலக்கு முடிந்துவிட்டது. கண்ணாடி எந்த இலக்கிலும் சேரவில்லை போலிருக்கிறது.

மே 30

பொன்னேரிக்கு நாலாவது தடவை. வெயிலில் பஸ்ஸுக்கு நின்று தலை சுற்றியது. அங்கே ஒரு குமாஸ்தா, "கிழவருக்கு என்னம்மா அவசரம், பரீட்சையா எழுதப்போறார்?" என்றான். ஆமாம், பரீட்சைதான் என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

பச்சையம்மா கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறாள். கேட்டேன். வெயில் என்றாள்.

ஜூலை 12

பெருநாள். நோன்பு முடிந்த களைப்பு. சடையன் வீட்டுக்குச் சேமியா கொண்டுபோனேன். பச்சையம்மா எழுந்து வராமல் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டாள். இனிப்பு வேண்டாமென்று சொல்லாமல் முழுக்கத் தின்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 19

வந்துவிட்டது! ஆறு மாதம் கழித்து, ஒரு சாக்குக்குள் மற்ற கண்ணாடிகளோடு. சடையன் பேர் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. ஓட்டமாக ஓடினேன்.

காதில் மாட்டிவிட்டேன். கூரையைப் பார்த்தார், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்து, "நர்சம்மா இவ்ளோ குள்ளமா?" என்றார். பச்சையம்மா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நாசூக்காகக் கிளம்பி வந்துவிட்டேன். ஆடிச் சீட்டுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஜெயித்துவிட்டோம்.

ஜூலை 20

காலையில் நிலையத்தைத் திறக்கும்போதே வாசலில் சடையன், தனியாக. "அவ காலைப் பாரு நர்சம்மா. வந்து பாரு."

பச்சையம்மா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர்தான் பிடித்து நீட்டினார். இடது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. பாதம் வீங்கி, அடியில் குழி. "கெளுத்தி முள்ளு குத்திச்சு, சித்திரை மாசம். நோவே இல்ல, மரத்துப் போச்சு" என்கிறாள். நோவு இல்லை என்பதுதான் பயம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? புண் வாடை மீன் வாடையோடு கலந்து தெரியாமல் போயிருக்கிறது.

கையோடு சிறுநீர் வாங்கிவந்து மருந்து நீரில் விட்டுக் காய்ச்சினேன். நீலம் செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரை. இந்தச் சோதனைக் குழாயும் மருந்தும் விளக்கும் எட்டு வருஷமாக என் அலமாரியில் இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு மட்டும் பார்ப்பேன். போன நவம்பரிலிருந்து இவள் எதிரில் எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறேன்? ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணைப் பற்றிக் கேட்டேன். இவளை ஒரு தடவை கேட்டேன், வெயில் என்றதும் விட்டுவிட்டேன். சேமியா வேறு கொடுத்தேன். அல்லாஹ்!

சடையன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "நாலு வருசமா எனக்கு இவ கொரல்தான் இவ. கொரல்ல ஒரு கொறையும் இல்லியே."

ஜூலை 21

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பஸ், ரயில், மறுபடி பஸ். கட்டில் இல்லை, தரையில் இடம் கிடைத்தது. விரல்களை எடுக்க வேண்டும், தாமதித்தால் காலே போகும் என்கிறார்கள். திங்கட்கிழமை காலை. சீட்டும் திங்கட்கிழமை காலைதான்.

ஜூலை 24

வேணு வந்தான். "மாமா, இப்ப கெளம்பினா காலைல சீட்டுக்கு நின்னுட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பிர்லாம். நாட்டாண்மைகிட்ட பேசிப் பாத்தேன், ஒரு தடவைன்னா ஒரு தடவைதான்றாரு."

பச்சையம்மா அதட்டினாள். "போய்யா. ரெண்டு வெரல எடுக்கிறதுக்கு ஊர்வலமா? நான் இன்னா கொழந்தையா? இதுக்கா வேலில நின்னு கத்தினேன் நானு?" பழைய குரல், ஒரு பிசிறு இல்லை. நானும் சொன்னேன், நான் இருக்கிறேன், கைநாட்டு வேணு வைக்கலாம், டாக்டரிடம் நான் பேசுகிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்று. மனசாரத்தான் சொன்னேன். அந்தப் பேருக்காக எட்டு மாதம் நானும் அலைந்திருக்கிறேன்.

சடையன் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார். குனிந்து அவளைப் பார்த்தார், அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"நீ போடா வேணு."

"மாமா—"

"போடான்றேன்."

அவன் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கொரல மட்டும் கேட்டிருந்தா போயிருப்பேன் நர்சம்மா. அவ கையப் பாரு." பார்த்தேன். அவர் துண்டின் நுனியை அவள் முறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. அது அவளுக்கே தெரியாது.

ஜூலை 25

காலை பதினொன்றுக்குள் முடிந்தது. இரண்டு விரல்தான், பாதம் தப்பியது. மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, "போனியா?" என்று. அவர் "போவல" என்றார். திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். பக்கத்துப் பாய்க்காரி, என்ன சண்டை என்று என்னிடம் கேட்டாள்.

ஆகஸ்ட் 3

குப்பத்துக்குத் திரும்பினேன். சடையன் பேரைக் கூப்பிட்டார்களாம், மூன்று தடவை. பதில் இல்லாததால் வெட்டியாயிற்று. அவர் ஆஸ்பத்திரியில் இருப்பதை வேணு சொன்னபோது யாரும் நியாயம் பேசவில்லையாம், யாரும் சிரிக்கவும் இல்லையாம்.

செப்டம்பர் 20

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நானே கோடு போட்டேன். அறுபதுக்கு மேற்பட்டவர்கள்: பேர், கண், கால், சிறுநீர். பெண்களை முதலில் எழுதினேன். இதுவரை இருபத்து மூன்று பேருக்குச் சோதித்ததில் ஐந்து பேருக்குச் செங்கல் நிறம். ஐந்தாவது யார் தெரியுமா? என் உம்மா. நல்லவேளை, காலில் புண் இல்லை. டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இதை யார் கேட்டது?" என்றார். யாரும் கேட்கவில்லை சார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் புரட்டினார். சர்க்கரை மாத்திரைக்கு எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

நவம்பர் 28

மறுபடி கண் முகாம் வருகிறது. இந்தத் தடவை சுவரில் எதையும் ஒட்டவில்லை. கங்காதரனைப் பார்க்கப் போனேன். முகாமில் இருக்கிறவர்கள் பேரைத் தைச் சீட்டில் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேட்டேன். "சடையனுக்கு ஒரு தடவ நிறுத்தி வச்சோம். இனி எல்லாருக்கும் ஒரு தடவ" என்றார். சடையன் பேரைத் திரும்ப எழுதக்கூடாதா? அதற்குத் தலையை ஆட்டிவிட்டார். வழக்கமில்லை.

ஒன்பது பேர் சம்மதித்திருக்கிறார்கள்.

1984 ஜனவரி 23

இன்று தைச் சீட்டு. நிலையத்திலிருந்து பத்து வீடு தள்ளித்தான் கரை, பேர் கூப்பிடுவது நன்றாகக் கேட்டது. முகாமில் படுத்திருக்கிற ஒன்பது பேரின் பேரையும் கூப்பிட்டு, "நிறுத்தி வக்கிறோம்" என்று கங்காதரன் உரக்கச் சொன்னார்.

சடையன் பச்சையம்மாவைக் கட்டு மாற்ற அழைத்து வந்திருந்தார். புண் மெல்ல ஆறுகிறது. பஞ்சை எடுத்தேன். நான் பண்றேன் என்று வாங்கிக்கொண்டார். கண்ணாடியை வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஓரத்தில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு விரலிடுக்காக விலக்கிப் பார்த்தார். நான்கூட அவ்வளவு பார்க்கமாட்டேன்.

வெளியே சுப்பராயலு பேர் வந்தது. "இருக்கேன்" என்று குரல் கேட்டது. பழைய வரிசைப்படி அதற்கடுத்த பேர் சடையனுடையதாக இருந்திருக்கும். தாமோதரன் என்று கூப்பிட்டார்கள்.

பச்சையம்மா வாசல் பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சாய்யா?"

"காலை ஆட்டாத" என்றார் சடையன்.